துணுக்குக் காட்சிகளும் பொதுச் சிரிப்பும்: இணையவழிப் பகிர்வு பற்றிய சில சிந்தனைகள்

வெகுசனப் பண்பாட்டினை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் முழுமையான ஆக்கங்களையே தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வர். ஒரு திரைப்படம், ஒரு நாவல், ஒரு நாடகம் என்றவாறே அவ்வாய்வுகள் அமைவது வழக்கம். ஆயின், மக்கள் இன்று திரைப்படத்தோடு கொண்டுள்ள உறவு பெருமளவிற்கு அதன் துண்டுகளோடு கொண்டுள்ள உறவாகவே காணப்படுகின்றது. இரண்டு நிமிட நகைச்சுவைக் காட்சி, நான்கு நிமிடப் பாடற் காட்சி, முப்பது வினாடி முகபாவம் என்பன கைத்தொலைபேசி வழியே நாள்தோறும் கைமாறுகின்றன. 'கிளிப்' என்று எல்லோரும் வழங்கும் இத்துணுக்குகளை ஒருவர் தமது நண்பருக்கோ உறவினருக்கோ அனுப்புகின்றபோது, அவர் வெறுமனே பொழுதைப் போக்குகின்றார் என்று கூறிவிட்டு நாம் அப்பாற் செல்ல முடியாது. எதனைக் கண்டு நாம் கூடிச் சிரிக்கின்றோம், எதனை நினைவில் வைத்திருக்கின்றோம், அந்நினைவு யாருடைய உடைமையாக இருக்கின்றது என்னும் வினாக்கள் அச்செயலில் அடங்கியுள்ளன. இவ்வினாக்களைத் தமிழ்ச் சூழலில் வைத்து, குறிப்பாக ஈழத்து வாசகரின் நிலைநின்று, விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துணுக்கின் முன்வரலாறு

துண்டாக எடுத்துச் சுவைப்பது இணையம் தந்த புதுப் பழக்கமன்று. காளமேகப் புலவரை நம்மவர் அறிந்திருப்பது தனிப்பாடல்கள் வாயிலாகவேயாம். எவ்விடத்தில், யாரை நோக்கி, எதற்காகப் பாடப்பட்டது என்ற ஒரு சிறு கதையோடு சேர்ந்து பாடல் வாய்க்கு வாய் மாறிற்று. கூத்தினை எடுத்துக்கொண்டாலும், விடியும்வரை நிகழ்ந்த ஆட்டத்தில் ஒரு வரவுப் பாட்டும் ஒரு கோமாளியின் வேடிக்கையுமே ஊராரின் பேச்சிலே தங்கின.

திரைப்படம் வந்தபின் இப்பழக்கம் தொழில்நுட்பத்தின் துணையைப் பெற்றது. கொட்டகை வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம், வசனங்களைத் தாங்கிய ஒலித்தட்டு, வானொலியில் ஒலித்த பாடல்கள் ஆகியன யாவும் படத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுசென்ற சாதனங்களே. 'பராசக்தி' (1952) திரைப்படத்தின் நீதிமன்றக் காட்சி வசனங்களை மனனஞ் செய்து மேடைகளிலே பேசிக்காட்டிய தலைமுறையொன்று இருந்தது. 'திருவிளையாடல்' (1965) திரைப்படத்தில் நாகேஷ் தருமியாகத் தோன்றும் பகுதியினைப் படத்தைப் பாராதவர்களும் கோயில் திருவிழா ஒலிபெருக்கி வாயிலாக அறிந்திருந்தனர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை திரைப்பாடலைத் தென்னிந்தியக் கிராமங்கள் வரையிற் கொண்டுசென்றமை பலரும் அறிந்ததே. பின்னர் சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சி பாடற் காட்சியைப் படத்திலிருந்து பிரித்து வாரந்தோறும் வழங்கிற்று. அமெரிக்காவில் இசைக்காட்சிகளுக்கெனவே எம்.ரி.வி. என்னும் அலைவரிசை 1981 ஆகஸ்ட் 1இல் ஆரம்பிக்கப்பட்டது.

ஆகவே, துணுக்கைப் பிரித்தெடுத்தல் பழையது. புதியதாக நேர்ந்திருப்பது யாதெனில், பிரித்தெடுக்கும் உரிமை கைமாறியமையே. முன்னர் எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்று வானொலி நிலையம் தீர்மானித்தது. எந்த வசனத்தை ஒலித்தட்டாக்குவது என்று நிறுவனம் தீர்மானித்தது. இன்றோ பார்வையாளர் தாமே வெட்டி, தாமே தலைப்பிட்டு, தாமே அனுப்புகின்றார். இயந்திரமுறை மறுவுற்பத்தி கலையைச் சடங்கின் பிடியிலிருந்து விடுவிக்கின்றது என 1936இல் வெளிவந்த தமது கட்டுரையில் வால்ற்றர் பெஞ்சமின் வாதிட்டார். அவ்விடுதலையின் ஒரு கட்டம் இங்கு நிறைவேறியுள்ளது எனலாம். ஆனால் அது எவ்வகை விடுதலை என்பதைப் பின்னர் நோக்குவோம்.

2. நகைச்சுவை ஏன் எளிதிற் பிரிகின்றது?

தமிழ்த் திரைப்படத்தில் நகைச்சுவைப் பகுதி தொடக்கந் தொட்டே ஓரளவு தனித்தியங்கியது. என்.எஸ். கிருஷ்ணனும் ரி.ஏ. மதுரமும் தோன்றிய பகுதிகள் பல, தலைமைக் கதையோடு மெல்லிய தொடர்பினையே கொண்டிருந்தன. பிற்காலத்தில் நகைச்சுவைப் பகுதிக்கெனத் தனி எழுத்தாளர் அமர்த்தப்படுவதும் வழக்கமாயிற்று. ஆகவே கதையை அறியாமலே சுவைக்கத்தக்க ஓர் அலகாக அப்பகுதி உருவாகிவிட்டது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழம் பற்றி நிகழ்த்தும் உரையாடலைச் சுவைப்பதற்கு அப்படத்தின் காதற்கதை தேவைப்படுவதில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு கூறப்படுகின்றன. எள்ளல் என்பது பிறரை எள்ளி நகுதலையும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலையும் குறிக்கும் என்பது பேராசிரியர் தரும் விளக்கம். அறியாமை பேதைமையாக, பிறர் கூறியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் மடனாகக் கொள்ளப்படும். இன்று பரவலாகப் பகிரப்படும் துணுக்குகளை இந்நான்கினுள் அடக்கிப் பார்க்கலாம். வாழைப்பழக் காட்சியில் செந்தில் ஏற்ற பாத்திரம் தான் கொண்டதை விடாது நிற்பது மடனுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கவுண்டமணியின் வசவு எள்ளலின்பாற்படும்.

2019 மே மாத இறுதியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. கட்டடப் பொறியியல் மாணவர்க்கான முகநூற் பக்கமொன்றில் சுத்தியலின் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் என்னவென்று வினவப்பட்டிருந்தது. தமிழர் ஒருவர் அதன் பெயரைக் கூறியதோடு, இக்கருவி விழுந்தே கொந்தறாத்துக்காரர் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் விளையாட்டாக எழுதினார். 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரமே நேசமணி. அரண்மனையொன்றுக்கு வர்ணம் பூசும் வேலையில் உறவினரொருவரின் கைதவறிச் சுத்தியல் அவர் தலையில் விழும். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வேண்டுகோள் ருவிற்றர் தளத்தின் உலகளாவிய முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தியப் பிரதமர் இரண்டாந் தடவையாகப் பதவியேற்ற அதே நாட்களில் (மே 30), தமிழ்நாட்டு இளைஞர்கள் இல்லாத ஒரு கொந்தறாத்துக்காரரின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருந்தனர்.

இது வெறும் கேலிக்கூத்து என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அக்காட்சியின் அமைப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். நேசமணி மேலதிகாரி. கீழுள்ள வேலையாட்களை அதட்டி வேலைவாங்குபவர். அவ்வதிகாரம் ஒரு சுத்தியலினாற் சிதைகின்றது. தாம் வேலைசெய்யும் இடங்களில் இவ்வாறான அதட்டலுக்கு நாள்தோறும் ஆளாவோர் அதனை மீண்டும் மீண்டும் பார்ப்பதிற் பொருளுண்டு. இடைக்காலத்து ஐரோப்பியத் திருவிழாக்களில் அரசனும் கோமாளியும் இடம்மாறுகின்ற சிரிப்பினைப் பற்றி மிகையில் பக்தின் விளக்கியுள்ளார். அத்தகைய தலைகீழாக்கம் இங்கும் நிகழ்கின்றது. எனினும், திருவிழா முடிந்ததும் அரசன் அரசனாகவே மீள்வது போல, துணுக்கு முடிந்ததும் வேலைத்தலம் வேலைத்தலமாகவே இருக்கின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

3. பாடற் காட்சியும் எல்லைகளும்

நகைச்சுவைத் துணுக்கு மொழியினால் எல்லைப்படுவது. பாடற் காட்சியோ மொழியெல்லையைத் தாண்டவல்லது. 2012 யூலையில் வெளியிடப்பட்ட 'கங்னம் ஸ்ரைல்' என்னும் கொரியப் பாடற் காட்சி அதே ஆண்டு டிசம்பரில் யூரியூப் தளத்தில் நூறு கோடி பார்வைகளைப் பெற்ற முதலாவது காட்சியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில், '3' என்னும் திரைப்படத்துக்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் பாடிய 'கொலவெறி' பாடல் வெளியிடப்பட்டது. திரைப்படக் காட்சி எதுவுமின்றி, ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடுவோரையே காட்டிய அத்துணுக்கு தமிழறியாதவர் மத்தியிலும் பரவியது. படம் 2012இல் வெளிவருமுன்னரே பாடல் உலகைச் சுற்றிவிட்டது. முழுமையிலிருந்து துணுக்குப் பிறக்கும் முறை மாறி, துணுக்கே முழுமைக்கு முன்னோடும் நிலை தோன்றியதை இது காட்டுகின்றது.

நமது நாட்டிலிருந்து சென்ற எடுத்துக்காட்டும் உண்டு. 2021 மே மாதத்தில் யொஹானியும் சதீஷனும் பாடி வெளியிட்ட 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாடற் காட்சி இந்தியாவெங்கும் பகிரப்பட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதன் மெட்டுக்குப் பாடல்கள் எழுந்தன. சிங்களம் அறியாத தமிழ் இளைஞர் அதனை முணுமுணுத்தனர். இதனை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். ஆனால் ஒரு மெட்டினைப் பகிர்ந்துகொள்வது இனப்பிரச்சினையின் அடிப்படைகளில் எதனையும் அசைத்துவிடாது. பண்பாட்டு நெருக்கத்தை அரசியல் நீதிக்குப் பதிலீடாகக் கொள்ளும் மயக்கம் தவிர்க்கப்படல் வேண்டும்.

இவற்றினும் ஆழமான செய்தியைத் தருவது 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் இசையில், தீயும் அறிவும் பாடிய அப்பாடற் காட்சி கோடிக்கணக்கான தடவைகள் பார்க்கப்பட்டது. அறிவு தமது பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதன் கருவைப் பெற்றதாகக் கூறியுள்ளார். வள்ளியம்மாள் இலங்கையின் மலையகத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தவர்களுள் ஒருவர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவுகளை வரலாற்று நூல்களிற் கற்கும் நாம், அதன் மனித முகத்தை நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட ஒரு துணுக்கிற் காண்கின்றோம். காடு வெட்டி, கொழுந்து பறித்து, நிலமின்றிச் சென்ற ஒரு தலைமுறையின் கதை ஆட்டத்துக்குரிய தாளத்தோடு கைமாறிற்று. துணுக்கு என்பதனாலேயே அது இலேசானதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

4. துணுக்கு யாருடைய உடைமை?

இங்கு நாம் பொருளாதார அடித்தளத்திற்கு வருகின்றோம். யூரியூப் 2005இல் தொடங்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் காட்சிகளை இணையத்தில் எளிதாகத் தேடிப்பெற இயலாதிருந்தமையும் அதற்கான தூண்டல்களுள் ஒன்று என அதன் நிறுவுநருள் ஒருவரான ஜாவெட் கரீம் பின்னர் கூறியுள்ளார். 2005 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் துணுக்கொன்று பெருமளவிற் பகிரப்பட்டதே அத்தளத்தின் பெயரைப் பரப்பிற்று. சில வாரங்களில் உரிமைபெற்ற நிறுவனம் அதனை அகற்றுமாறு கோரியது. 2006இல் கூகிள் நிறுவனம் 165 கோடி டொலர் பெறுமதிக்கு யூரியூப்பை வாங்கிற்று. மக்கள் விருப்பத்தோடு ஏற்றிய துணுக்குகளே அப்பெறுமதியின் ஊற்று என்பது வெளிப்படை.

2007 தொடக்கம் அத்தளம் தன்னியக்க அடையாளங்காணும் பொறிமுறையொன்றைக் கையாள்கின்றது. உரிமையாளர் தமது படைப்பின் மாதிரியை முன்கூட்டியே ஒப்படைப்பர். புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு காட்சியும் ஒலியும் அம்மாதிரிகளோடு ஒப்பிடப்படும். பொருந்துமிடத்து உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்: துணுக்கினைத் தடுத்தல், அதனைப் பார்ப்போர் தொகையைக் கண்காணித்தல், அதில் விளம்பரமிட்டு வருவாயைத் தாம் பெறுதல். மூன்றாவது வழியே நமது கவனத்திற்குரியது. துணுக்கைத் தேடி, வெட்டி, ஏற்றியவரது உழைப்புக் கூலியற்றதாகின்றது. அதில் நடித்தவரின் உழைப்போ ஒருமுறை கூலிகொடுத்து முடிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகின்றது. வடிவேலு 2011க்குப் பின்னர் நீண்டகாலம் மிகச் சில படங்களிலேயே நடித்தார். ஆனால் அவரது முகம் மீம்களாகவும் துணுக்குகளாகவும் முன்னெப்போதையும்விட அதிகமாகப் புழங்கியது அந்த ஆண்டுகளிலேயேயாகும். உழைப்பாளி ஒதுங்கியிருக்க, உழைப்பு மட்டும் ஓய்வின்றி இலாபம் ஈட்டும் நிலை இதுவாம்.

'என்ஜாய் எஞ்சாமி' இவ்வகையிலும் பாடம் புகட்டுவதே. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர், அப்பாடலில் ஈடுபட்ட கலைஞர் எவருக்கும் அதனால் வருவாய் கிட்டவில்லை என்று பகிரங்கமாக முறையிட்டார். வெளியீட்டு நிறுவனம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. எவர் கூற்று சரியென்று தீர்ப்பது நமது பணியன்று. நிலமற்ற கூலியுழைப்பாளரைப் பாடிய பாடலைப் பற்றியே இத்தகைய பிணக்கு எழக்கூடியதாயிருப்பது உடைமையுறவுகளின் இயல்பைச் சுட்டுகின்றது.

சட்டமும் இதில் நடுநிலையாக இருப்பதில்லை. 2007இல் அமெரிக்கத் தாயொருவர் தம் குழந்தை அடுக்களையில் ஆடும் 29 வினாடித் துணுக்கை யூரியூப்பில் ஏற்றினார். பின்னணியிற் பிறின்ஸ் என்னும் பாடகரின் பாடல் தெளிவின்றி ஒலித்தது என்பதற்காக அது அகற்றப்பட்டது. அத்தாய் வழக்குத் தொடர்ந்தார். அகற்றுமாறு கோருமுன்னர் நியாயமான பயன்பாட்டை உரிமையாளர் கருத்திற்கொள்ள வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இற் கூறிற்று. 29 வினாடிக்காக எட்டு ஆண்டுகள் நீதிமன்றம் ஏறுவது எல்லோர்க்கும் இயலுவதன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அங்கீகரிக்கின்றது. அவ்வுரிமையை நமது பல்கலைக்கழகங்கள் முழுமையாகப் பயன்படுத்தல் வேண்டும்.

அரசின் கையும் இதில் உண்டு. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் நம் நாட்டில் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பும் துணுக்கு செல்லும் வழியும் சிரிப்பைப் பரப்பும் துணுக்கு செல்லும் வழியும் ஒன்றேயாகையால், வழியை அடைப்பவர் இரண்டையும் ஒருங்கே அடைத்துவிடுகின்றார். முதலிரு சந்தர்ப்பங்களிற் கூறப்பட்ட காரணம் வன்முறை. மூன்றாவதில் அடைபட்டது மக்களின் எதிர்ப்புக் குரல்.

5. சிரிப்பின் உள்ளடக்கம்

பகிர்வுரிமையைப் பேசும் நாம் பகிரப்படுவதன் தன்மையையும் நோக்குதல் கடன். தமிழ் நகைச்சுவைத் துணுக்குகளிற் கணிசமானவை கருநிறம், பருத்த உடல், உடற்குறைபாடு, திருநங்கையர், பெண்கள் ஆகியோரை எள்ளுவனவாகவே அமைந்துள்ளன. திரைப்படத்தில் ஒருமுறை தோன்றி மறைந்த வசவு, துணுக்காகும்போது வகுப்பறையிலும் குடும்பத்திலும் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. பேராசிரியர் கூறிய எள்ளலின் இரு பக்கங்களில் எள்ளப்படுபவர் தாமும் சேர்ந்து சிரிக்கும் பக்கம் அருகி, எள்ளுவோரின் பக்கமே பெருகியுள்ளது எனலாம்.

ஈழத்தவராகிய நம்மை நேரடியாகத் தொடும் எடுத்துக்காட்டு 'தெனாலி' (2000). கமல்ஹாசன் அதில் இலங்கைத் தமிழ் அகதியாக நடித்தார். தான் அஞ்சும் பொருள்களை ஒவ்வொன்றாக அவர் அடுக்கிக் கூறும் காட்சி இன்றும் விரும்பிப் பகிரப்படுகின்றது. படத்தின் கதைப்படி அவ்வச்சங்களுக்குக் காரணம் போர் தந்த அதிர்ச்சியாகும். துணுக்கிலோ காரணம் வெட்டுண்டு, அச்சமும் நமது பேச்சுவழக்கும் மட்டுமே எஞ்சுகின்றன. போரினாற் சிதைந்த மனத்தின் வெளிப்பாடு, பேச்சொலியின் வேடிக்கையாக மாறிவிடுகின்றது. விளைவைக் காட்டிக் காரணத்தை மறைத்தல் துணுக்கு வடிவத்துக்கே உரிய ஆபத்து. இதனால் அத்துணுக்கைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று நாம் விதிக்கவில்லை. அதன் வெட்டப்பட்ட பாதியையும் அறிந்து சிரிக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

6. நமது துணுக்குகள் எங்கே?

இறுதியாக, இவ்விடயம் நமக்கு ஏன் அவசரமானது என்பதைக் கூறவேண்டும். தென்னிந்தியத் துணுக்குகள் நம் கைகளில் நிறைந்துள்ளன. ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களின் துணுக்குகளோ மிக அரிதாகவே கிடைக்கின்றன. 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலை அடியொற்றிய 'வாடைக்காற்று' (1978) ஆகியவற்றின் பெயரை அறிந்தோர் பலர், காட்சிகளைக் கண்டோர் சிலர். வானொலி நகைச்சுவை நாடகத்திலிருந்து பிறந்து 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படத்தில் இந்நாட்டின் பல்வேறு தமிழ்ப் பேச்சுவழக்குகள் ஒன்றோடொன்று மோதிச் சிரிப்பை விளைவித்தன. தென்னிந்தியத் திரை நமது பேச்சைக் கேலிப்பொருளாக்குவதற்கு மிக முன்னரே, நாமே நமது பேச்சுவகைகளைக் கொண்டு சிரித்திருக்கின்றோம் என்பதற்கு அது சான்று. 1983 யூலை வன்செயல்களில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது திரைப்பட மூலச்சுருள்கள் பல அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைவுகூரும் நாம், இவ்வழிவை அத்துணை நினைவுகூருவதில்லை. நூல்கள் எழுத்தாகையால் அறிவு என்றும், படச்சுருள்கள் கேளிக்கையாகையால் இழப்பல்ல என்றும் நம்மிடையே நிலவிய எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

அச்சுநூல்களுக்கு 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் ஆற்றிவரும் பணி, கூட்டுமுயற்சியால் எவ்வளவு செய்யலாம் என்பதைக் காட்டியுள்ளது. அசையும் படத்துக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். அதன் முதற்படி எவர்க்கும் எளிதானது. வீடுகளிற் கிடக்கும் பழைய ஒளிநாடாக்களையும் ஒலிநாடாக்களையும் பூஞ்சணம் பிடிக்குமுன் எண்ணிமமாக்க வேண்டும். ஒரு துணுக்கை ஏற்றும்போது படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், நடிகர், பேச்சுவழக்கு ஆகியவற்றைக் குறித்திட வேண்டும். பெயரற்ற துணுக்கு நாலுபேர் கைமாறியதும் அநாதையாகின்றது. பெயரோடு கூடிய துணுக்கு ஆவணமாகின்றது. அன்றியும், தனியார் தளத்தில் ஏற்றியதோடு அமையாது மூலப்பிரதியைப் பல்கலைக்கழக நூலகங்களில் வைப்பிலிடுதல் வேண்டும். தளங்கள் இலாபத்திற்காக இயங்குவன. இலாபம் அற்றவிடத்து அவை எதனையும் பேணா.

காளமேகத்தின் தனிப்பாடல்கள் பிழைத்தமைக்குக் காரணம், பாடலோடு அது பிறந்த கதையையும் சேர்த்து நம் முன்னோர் சொல்லிவந்தமையாகும். இன்றைய துணுக்குப் பகிர்வுக்கும் அதுவே நெறியாக வேண்டும். சிரிப்பைப் பகிர்வோம். யார் நடித்தனர், எங்கே பிறந்தது, எது வெட்டப்பட்டது என்பதையும் உடன் பகிர்வோம். அவ்வாறு செய்யுமிடத்து, பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்ட இச்செயல் ஒரு மக்கட் கூட்டம் தன் நினைவைத் தானே பேணும் வழிகளுள் ஒன்றாகும்.